குருத்தெலும்பு ஒட்டு வைத்து மூச்சுக்குழாயைச் சீரமைத்த பிறகு: ரத்தக்குழாய் முளைப்பது முதல் கழுத்துக் குழாய் கழற்றுவது வரை

குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் ஓடுவதில்லை. சுருங்கிப்போன மூச்சுக்குழாயை விரிக்கும் சீரமைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிற வீட்டாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். விலாவிலிருந்து எடுத்துக் கழுத்தில் பொருத்திய அந்தச் சின்னத் துண்டு, தனக்குள் ரத்த ஓட்டமே இல்லாமல் அங்கே உயிரோடு இருந்தாக வேண்டும். சுற்றியுள்ள திசுவில் புதிதாக முளைக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள்தான் அதைக் காப்பாற்றுகின்றன. அவை போதவில்லை என்றால் ஒட்டு கரைந்துவிடும். அளவுக்கு மீறினால் குழாய்க்குள் சதை வளர்ந்து மூச்சை அடைக்கும். சளி உறிஞ்சும் முறையில் ஆரம்பித்து நெஞ்செரிச்சல் மருந்து வரை, ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொல்கிற ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டில் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான்.

கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்து மக்களுக்குத் தொண்டையில் பெரிய பிரச்சினை என்றால் கோரிமேட்டு ஜிப்மர்தான் முதலில் நினைவுக்கு வரும். சிலர் சென்னைக்கோ வேலூருக்கோ போவார்கள். எங்கே செய்துகொண்டாலும் கடைசியில் கையில் கிடைப்பது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, அதுவும் ஆங்கிலத்தில் சில வரிகள். அந்த வரிகளின் காரணம் புரிந்தால் வீட்டில் அவற்றைச் சரியாகச் செய்வது எளிது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால், அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் உள்ளே பார்த்தவர்.

ஏன் சுருங்கியது?

குரல் நாண்களுக்குக் கீழே கிரிக்காய்டு என்ற குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. மூச்சுப் பாதையில் முழு வட்டமாக இருக்கும் வளையம் இது ஒன்றுதான். அதற்குக் கீழே உள்ள மூச்சுக்குழாய் வளையங்கள் பின்பக்கம் திறந்திருப்பதால் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். கிரிக்காய்டு விரியாது. உள்ளே வீக்கம் வந்தால் அது வெளிப்பக்கம் தள்ளிப்போக வழியில்லை. பாதைதான் குறுகும்.

மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு அந்த இடத்தின் விட்டம் 4 மி.மீ.க்குக் கீழே இருந்தால் சுருக்கம் என்று கணக்கு. 4 மி.மீ. பாதையில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் மிஞ்சுவது 2 மி.மீ. விட்டம், அதாவது பழைய பரப்பில் கால் பங்கு. அதே 1 மி.மீ. வீக்கம் 16 மி.மீ. விட்டமுள்ள பெரியவரின் மூச்சுக்குழாயில் வந்தால் பரப்பில் கால் பங்குகூடக் குறையாது. குழந்தைக்குச் சாதாரணச் சளி பிடித்தாலே நாம் பதறுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

பிறவியிலேயே சுருங்கி இருப்பது குறைவு. பெரும்பாலும், உயிரைக் காப்பாற்றுவதற்காக வாய் வழியே போட்ட குழாய்தான் காரணம். குறைமாதத்தில் பிறந்து பல நாள் வென்டிலேட்டரில் இருந்த குழந்தைகள், பெரியவர்களில் பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவர்கள் என்று நம் பக்கத்து ஐ.சி.யூ.க்களில் இருந்து வருகிறவர்கள் அதிகம். மூச்சுக்குழாயின் உள்தோலில் ஓடும் நுண்குழாய்களில் ரத்தத்தின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 25 முதல் 30 மி.மீ. போட்ட குழாயோ அதன் பலூனோ அதைவிட அதிகமாக அழுத்தினால், அந்த இடத்துக்கு ரத்தம் போவது நின்றுவிடும். உள்தோல் செத்துப் புண்ணாகி, அடியிலுள்ள குருத்தெலும்பு வெளியே தெரிந்து, கிருமி தொற்றி, ஆறும்போது தழும்பாக இறுகும். பலூன் அழுத்தத்தை 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் வைக்கச் சொல்வது இதனால்தான். ஆக நோய் தொடங்கியதே ரத்த ஓட்டம் நின்றதில்தான். அதைச் சரிசெய்யும் ஆபரேஷன் தேறுவதும் ரத்த ஓட்டம் திரும்பி வருவதில்தான் இருக்கிறது.

சுருக்கத்தின் அளவைக் காட்டன்–மையர் என்ற நான்கு படிகளில் சொல்வார்கள். பாதிவரை அடைத்திருந்தால் முதல் படி, 51 முதல் 70 சதவீதம் இரண்டாவது, 71 முதல் 99 வரை மூன்றாவது, வழியே இல்லையென்றால் நான்காவது. உங்கள் சீட்டில் ரோமன் எண்ணில் எழுதியிருப்பது இதுதான். குருத்தெலும்பு ஒட்டு பொதுவாக மேல்படிகளுக்கு. 1970-களின் தொடக்கத்தில் கனடாவின் டொரான்டோவில் ஃபியரன், காட்டன் என்ற இரு மருத்துவர்கள் இந்த முறையைக் குரங்குகளில் சோதித்து, அப்புறம் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒட்டு எப்படிப் பிழைக்கிறது?

நம் உடம்பில் பெரும்பாலான செல்கள் ஒரு நுண்குழாயிலிருந்து 0.1 அல்லது 0.2 மி.மீ. தூரத்துக்குள் இருந்தால்தான் வாழும். குருத்தெலும்புச் செல்கள் அப்படியில்லை. அவற்றுக்கு ஆக்சிஜன் குறைவாகவே போதும். சுற்றியுள்ள கூழ் போன்ற பொருள் வழியே ஊறி வரும் சத்தை எடுத்துக்கொண்டு காலம் தள்ளும். அந்தச் சத்து வருவது குருத்தெலும்பை மூடியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து. அந்த உறையில் ரத்தக்குழாய்கள் உண்டு.

விலாவிலிருந்து துண்டை வெட்டி எடுத்த நொடியில் உறைக்கு வந்துகொண்டிருந்த ரத்தம் நின்றுவிடுகிறது. கழுத்தில் தைத்த முதல் ஓரிரு நாட்கள், பக்கத்துத் திசுவிலிருந்து கசியும் நீரில் ஊறித்தான் அது பிழைக்கிறது. நட்ட நாற்று பச்சை பிடிக்கும்வரை வெளிறித் துவண்டு நிற்கும் நாட்களைப் போன்றது இது. பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலிருக்கும்.

உள்ளே வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் ஆக்சிஜன் குறைகிறது. அந்தக் குறைவையே செல்கள் ஒரு அழைப்பாக எடுத்துக்கொள்கின்றன. செல்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்குத்தான் 2019-ல் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆக்சிஜன் குறைந்ததும் செல்லுக்குள் ஒரு புரதம் சேர்கிறது. அது வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரக்க வைக்கிறது. பக்கத்திலிருக்கும் நல்ல ரத்தக்குழாயின் சுவரில் உள்ள செல்கள் அதை உணர்ந்து, சுவரை இளக்கிக்கொண்டு, அந்தத் திசையில் முளைவிடுகின்றன. முளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையமாகி, நடுவில் ரத்தம் ஓடத் தொடங்கும். மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் இந்தப் புதுத்திசு கண்ணுக்கே தெரியும். சிவந்து, ஈரமாக, மணிமணியாக இருக்கும்.

ஒட்டைப் பொறுத்தவரை இந்த முளைகள் இரண்டு பக்கமிருந்து வர வேண்டும். ஓரங்களில் வெட்டித் திறந்த கிரிக்காய்டின் உறையும் உள்தோலும் ஒரு பக்கம். வெளியே மேலே படுத்திருக்கும் கழுத்துத் தசைகள் இன்னொரு பக்கம். தசையில் ரத்தம் தாராளம் என்பதால் அது ஒட்டின் மேல் இடைவெளியில்லாமல் படிந்திருப்பது பெரிய பலம். நடுவில் ரத்தக்கட்டியோ காற்றோ சேர்ந்தால் முளைகள் தாண்டி வர முடியாது.

முளைகள் வந்து சேர்ந்த பிறகு ஓரங்களிலிருந்து உள்தோல் ஊர்ந்து ஒட்டை மூடும். முதலில் சாதாரணத் தட்டைத் தோலாக வரும். சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் உள்ள தோல் அப்புறம்தான் வரும். தோல் மூடிவிட்டால் முளைகளை வரவைத்த அழைப்புகள் அடங்கும், வேண்டாத குழாய்கள் சுருங்கி மறையும், சிவப்பு குறையும். ஒட்டின் செல்கள் எல்லாமே பிழைப்பதில்லை. ஒரு பகுதி கரைந்து நார்த்திசுவாக மாறுவதுண்டு. விரிந்த சட்டம் விரிந்தபடி நின்றால் அது தோல்வியல்ல.

ரத்தக்குழாய் இல்லாமல் மூச்சுக்குழாய் நிலைக்காது என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 2011-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் நோயாளியின் செல்களைப் படியவைத்துப் பொருத்தினார்கள். உலகமே கொண்டாடியது. அந்தக் குழாய்க்கு ரத்தம் வர வழியே இல்லை. அது உடம்போடு சேரவில்லை. அங்கே அப்படிப் பொருத்தப்பட்ட மூவரும் இறந்துபோனார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. அதற்கு முன்பே பெல்ஜியத்தின் லூவனில் பியர் டெலேர் குழு வேறு வழியில் போயிருந்தது. தானமாக வந்த மூச்சுக்குழாயை முதலில் நோயாளியின் முன்கைத் திசுவுக்குள் சுற்றிப் பல மாதம் வைத்து, அங்கே ரத்தக்குழாய்கள் ஊடுருவிய பிறகே கழுத்துக்கு மாற்றினார்கள். 2010-ல் அதை வெளியிட்டார்கள். அவசரப்படாத அந்தப் பொறுமைதான் என் மனதில் நிற்கிறது.

படி 1: ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

தேதி கிடைத்த உடனே குடும்பங்கள் பணத்தையும் லீவையும் பற்றித்தான் யோசிக்கின்றன. உடம்பைத் தயார் செய்ய வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. ஒட்டு பிழைப்பதில் பாதி இங்கேயே முடிவாகிறது என்பது என் கருத்து.

ரத்தசோகையைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தால் புதுக்குழாய் வழியே போவது வெளிறிய ரத்தம்தான். இரும்புச்சத்து மருந்து கொடுத்திருந்தால் மலம் கறுப்பாகிறது என்று பயந்து நிறுத்தாதீர்கள்.

கிருமியைப் பாருங்கள். மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டுப் போட்ட குழாய் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்குச் சளியை எடுத்து, அதில் என்ன கிருமி வளர்கிறது என்று கல்ச்சர் செய்வார்கள். சூடோமோனாஸ், மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் இரண்டும் ஒட்டின் பெரிய எதிரிகள். ரிசல்ட் வரும்வரை தேதி தள்ளிப்போனால் கோபப்பட வேண்டாம்.

வயிற்று அமிலம் மேலேறுவது அடுத்தது. அமிலமும் பெப்சின் என்ற செரிமானப் பொருளும் தொண்டைவரை வந்தால் புதிதாக முளைத்த திசு மறுபடி மறுபடி வெந்து அழற்சி அடங்காது. அதனால் வயிற்றுக்கோளாறு என்று சொல்லாத குழந்தைக்கும் மருந்து எழுதுவார்கள்.

பெரியவர்களுக்கு இரண்டு விஷயம். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். பீடி, சிகரெட், ஹான்ஸ், பான்பராக் எல்லாம் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிற்க வேண்டும். நிகோடின் நுண்குழாய்களை இறுக்குகிறது, வாயில் அடக்கினாலும் அதே நிகோடின்தான். புற்றுநோய்க்கோ கண்ணுக்கோ பெவாசிஸுமாப் ஊசி போட்டுக்கொண்டவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்தின் வேலையே வி.இ.ஜி.எஃப்.பைத் தடுப்பது. நரம்பு வழியே ஏற்றியிருந்தால் பெரிய ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும்.

படி 2: ஆபரேஷன் அறையில்

இங்கே நம் வேலை எதுவுமில்லை. நடப்பது தெரிந்திருந்தால் பின்னால் வருவது புரியும். வலது மார்புக்குக் கீழே சிறிய வெட்டு. விலாவின் குருத்தெலும்புப் பகுதியிலிருந்து ஒரு துண்டை, வெளிப்பக்க உறையோடு எடுப்பார்கள். உள்பக்க உறையை அங்கேயே விட்டுவிடுவார்கள். நுரையீரலைக் காப்பதும் அது, விலா திரும்ப வளர உதவுவதும் அது. பிறகு அந்தக் குழியில் உப்புநீர் ஊற்றி மூச்சை அழுத்திப் பார்ப்பார்கள், குமிழி வந்தால் காற்று கசிகிறது.

துண்டைப் படகு வடிவில் செதுக்கி, உள்ளே விழுந்துவிடாமல் ஓரத்தில் விளிம்பு விட்டு, கிரிக்காய்டை முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ திறந்த இடத்தில் பொருத்துவார்கள். உறை இருக்கும் பக்கம் காற்றுப் பாதையைப் பார்த்திருக்கும். உள்தோல் ஊர்ந்து வருவதற்கு அதுதான் தளம், கிருமிக்கு எதிராக அதுதான் கவசம். சின்னத் துண்டு போதுமென்றால் காதிலிருந்தோ குரல்வளையின் தைராய்டு குருத்தெலும்பிலிருந்தோ எடுப்பதும் உண்டு.

மூச்சுக்குழாய்க்கு ரத்தம் பக்கவாட்டில் இருந்து, சின்னச் சின்னக் கிளைகளாக வருகிறது. மேல்பாதிக்குக் கீழ்த்தைராய்டு தமனியும் கீழ்ப்பாதிக்கு மூச்சுக்கிளைத் தமனிகளும் தருகின்றன. அதனால் சுற்றிலும் பிரித்தெடுக்காமல், பக்கங்களைத் தொடாமல் விடுவதே நல்ல கை. பெரியவர்களுக்குச் சுருங்கிய பகுதியை முழுக்க வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கும் ஆபரேஷனிலும் இதே விதிதான்.

படி 3: முதல் வாரம்

இரண்டு வழி உண்டு. ஒரே கட்டத்தில் முடிக்கும் முறையில், கழுத்தில் துளை இல்லாமல் மூக்கு வழியே போட்ட குழாயே உள்ளிருந்து ஒட்டைத் தாங்கும். முன்பக்க ஒட்டுக்குச் சுமார் 5 முதல் 7 நாள், பின்பக்க ஒட்டும் இருந்தால் இன்னும் கூடுதல் நாள் ஐ.சி.யூ.வில். இரண்டு கட்ட முறையில் கழுத்துக் குழாய் இருக்கும், அதற்கு மேலே, ஒட்டை உள்ளிருந்து தாங்கும் ஸ்டென்ட் வைத்திருப்பார்கள். அது வாரக்கணக்கில் இருக்கும்.

"பிள்ளையைத் தூங்க வெச்சே வெச்சிருக்காங்களே" என்று பாட்டிமார்கள் அழுவது இந்த நாட்களில்தான். தூங்க வைப்பதற்குக் காரணம் உண்டு. தலையைத் திருப்பி, இருமி, குழாயை இழுத்தால் ஒட்டு அசையும். அசைந்த இடத்தில் அப்போதுதான் முளைவிட்ட குழாய்கள் அறுந்துபோகும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்றிலிருந்து ஏழாம் நாள் வரை அந்தக் குழாய்கள் மிகவும் மெல்லியவை. இருமல் அடங்க மருந்து கொடுப்பதும் கழுத்தை நேராக வைப்பதும் அதற்காகத்தான்.

குழாய் எடுப்பதற்கு முன், ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்த்து வீக்கம் குறைந்ததை உறுதிசெய்வார்கள். அந்தச் சமயத்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொஞ்சம் கொடுப்பார்கள். ஸ்டீராய்டு வீக்கத்தை வற்றவைக்கும். அதையே அதிகமாக, நீண்ட நாள் கொடுத்தால் முளைப்பதையும் தடுக்கும். அதனால் குறைந்த நாளுக்கு மட்டும். இழுப்பு வந்தபோது முன்பு எழுதிக்கொடுத்த மாத்திரை வீட்டில் மிச்சமிருக்கிறதே என்று நீங்களாகக் கொடுத்துவிட வேண்டாம்.

படி 4: கேமரா விட்டுப் பார்க்கும் நாள்

முதல் வாரம் கடந்து ஏதோ ஒரு நாளில் மயக்கம் கொடுத்துக் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். "சதை வளர்ந்திருக்கு" என்று அப்போது சொன்னால் பலர் உடைந்துபோகிறார்கள். கொஞ்சம் சதை வளர்வது ஆறுதலின் பகுதி, மேலே சொன்ன அதே சிவந்த புதுத்திசு. அது வரவே இல்லையென்றால்தான் கவலை. வெள்ளையாக, வறண்டு, சுற்றிலும் சிவப்பே இல்லாமல் ஒட்டு தெரிந்தால் ரத்தம் வந்து சேரவில்லை என்று பொருள்.

சதை பாதையை மறிக்கும் அளவுக்கு வளரும்போது, ஏதோ ஒன்று புண்ணை ஆற விடாமல் வைத்திருக்கிறது. தையல் முனை, ஸ்டென்ட்டின் ஓரம், கிருமிப் படலம், மேலேறும் அமிலம், ஆழமாக விடும் உறிஞ்சுகுழாய் என்று காரணம் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். டாக்டர் அதை நீக்குவார், ஸ்டீராய்டு தடவலாம், பலூனால் விரிக்கலாம். காரணம் வீட்டில் இருந்தால் சதை திரும்ப வரும். அதனால்தான் அடுத்த படியை எல்லாவற்றையும்விட நீளமாக எழுதுகிறேன்.

படி 5: வீட்டில்

சளி உறிஞ்சுவதில் இருந்து ஆரம்பிக்கலாம், கெடுதல் அதிகம் நடப்பது அங்கேதான். உறிஞ்சுகுழாய் கழுத்துக் குழாயின் நுனிவரை போனால் போதும், அதைத் தாண்டக் கூடாது. அதே அளவு வேறொரு குழாயை வைத்து நீளத்தை அளந்து, உறிஞ்சுகுழாயில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முட்டும்வரை விட்டு, இருமல் வந்ததும் எடுப்பது தவறான பழக்கம். ஒவ்வொரு முறை முட்டும்போதும் உள்தோல் உரிகிறது, உரிந்த இடத்தில் சதை முளைக்கிறது. குழந்தைகளுக்கு மெஷினின் அழுத்தம் பாதரச அளவில் 80 முதல் 100 மி.மீ. ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். கை கழுவுங்கள். மணி பார்த்து உறிஞ்ச வேண்டாம், சளிச் சத்தம் கேட்கும்போது உறிஞ்சுங்கள்.

ஈரப்பதம் அடுத்தது. கடற்கரை ஊர், காற்றே ஈரம்தானே என்று நினைக்கலாம். மூக்கு செய்யும் வேலை வேறு. அது காற்றைச் சூடாக்கி, முழுக்க நனைத்து, வடிகட்டி அனுப்புகிறது. கழுத்துக் குழாய் மூக்கைத் தாண்டிவிடுவதால், அக்னி நட்சத்திர வெயிலிலும் ஏசி அறையிலும் சளி காய்ந்து பொருக்காகி ஒட்டின் மேல் படியும். குழாயில் மாட்டும் ஈரவடிகட்டி, டாக்டர் சொன்ன அளவில் உப்புநீர் நெபுலைசர், போதுமான தண்ணீர். இவை போதும். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பது வேண்டாம், குழந்தைகள் வெந்துபோவதுதான் நடக்கும்.

புகையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். குளிப்பாட்டியதும் குழந்தைக்குச் சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். இந்தக் குழந்தைக்கு மட்டும் அது வேண்டாம். கொசுவர்த்தி, ஊதுவத்தி, விறகடுப்பு, வீட்டுக்குள் பீடி எதுவும் வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் இடத்துக்கு அருகில் வீடு என்றால், சில மாதமாவது உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று பாருங்கள். போகி அன்று காலையும் தீபாவளி இரவும் கதவு ஜன்னலைச் சாத்திவிடுங்கள். புகை உள்தோலைச் சிவக்க வைத்து நுண்மயிர்களை முடக்குகிறது, ஆறுதல் இழுத்துக்கொண்டே போகும்.

குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும், உரசிய மருந்தைச் சங்கில் ஊற்றுவதும் இதே வரிசைதான். ஒட்டு ஆறிக்கொண்டிருக்கும் குரல்வளை விழுங்கும்போது சரியாக மூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வெளியே எடுப்பது மிகக் கடினம். பேச்சு–விழுங்கல் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லும்வரை, தண்ணீர் போன்ற மெல்லிய பானங்களில் கவனம் வேண்டும்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டவே வேண்டாம். "புண் சீழ் பிடிக்கும்" என்று முட்டையையும் மீனையும் நிறுத்தி, ரசஞ்சாதமும் ரொட்டியும் மட்டும் கொடுக்கும் வீடுகள் நிறைய. புதிய ரத்தக்குழாயைச் சுற்றிக் கட்டும் கொலாஜன் ஒரு புரதம். அதை முறுக்கி உறுதியாக்க வைட்டமின் சி வேண்டும், இரும்பும் வேண்டும். முட்டை, பருப்பு, பால், கருவாடு அல்லாத நல்ல மீன், கொய்யா, நெல்லிக்காய், முருங்கைக்கீரை. பிரசவித்த பெண்ணுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்கும் ஊர் நம்முடையது, அதே நியாயம் இங்கும் பொருந்தும். குழாய் வழியே உணவு போகிறதென்றால் எதைக் கரைத்துக் கொடுக்கலாம் என்று உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். சாப்பிட்டதும் படுக்க வைக்காதீர்கள். அமில மருந்தை, "வயிறு நல்லாத்தானே இருக்கு" என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

கழுத்துக் குழாய் இருக்கிறவர்கள் கடலிலோ குளத்திலோ இறங்கவே கூடாது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் கூட்டத்தில் கரையோரமாகக்கூடக் குழந்தையை நிறுத்த வேண்டாம். ஒரு அலை போதும்.

கரண்ட் நம் மாவட்டங்களில் தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூர்க் கிராமங்களில் எத்தனை நாள் இருட்டு என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தெருக்களில் படகு ஓடியது. அதனால் அக்டோபர் பிறப்பதற்கு முன்பே, காலால் மிதிக்கும் உறிஞ்சும் பம்போ பேட்டரியில் ஓடுவதோ வீட்டில் இருக்கட்டும். அதே அளவில் ஒரு மாற்றுக் குழாய், ஒரு அளவு சிறியதாக இன்னொன்று, நாடா, கத்தரிக்கோல், உப்புநீர், உறிஞ்சுகுழாய்கள், டார்ச், டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் எல்லாம் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால், தண்ணீர் தேங்கும் தெருவிலிருந்து முந்தைய நாளே மருத்துவமனைக்குப் பக்கமாக நகர்ந்துவிடுங்கள். குழாய் மாற்ற வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா ஒருத்தியின் தலையில் எல்லாவற்றையும் போடுவது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

படி 6: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மூச்சு இழுக்கும்போது சத்தம், விலா இடுக்கும் தொண்டைக்குழியும் உள்வாங்குவது, உதடு நீலமாவது, குழாய் அடைத்து உறிஞ்சியும் சரியாகாமல் இருப்பது. இதில் எது வந்தாலும் 108. அடைத்த குழாயை உடனே மாற்றுவதுதான் முதல் சிகிச்சை, ஆம்புலன்ஸ் வரும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கழுத்து உப்பி, தொட்டால் நொறநொறவென்று இருந்தால் தையல் வழியே காற்று கசிகிறது. காய்ச்சலோடு தையலில் நாற்றமும் சீழும் வந்தால் ஒட்டில் தொற்று. குருத்தெலும்பில் ரத்தம் இல்லாததால் ஆன்டிபயாட்டிக்கும் அங்கே மெதுவாகத்தான் போய்ச் சேரும், அதனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சளியில் இளஞ்சிவப்புக் கோடு முதல் சில நாட்கள் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு குழாயிலிருந்து பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்து, தானாக நின்றுவிட்டாலும், அன்றே போக வேண்டும். குழாய் உரசி, முன்னால் ஓடும் பெரிய தமனியை அரித்திருந்தால், பெரிய ரத்தப்போக்குக்கு முன் இப்படி ஒரு சின்ன எச்சரிக்கை வருவதுண்டு.

படி 7: குழாய் கழற்றுவதும் அதற்குப் பிறகும்

ஸ்டென்ட் எடுத்து, உள்ளே தோல் மூடியதைப் பார்த்த பிறகு, கழுத்துக் குழாயைச் சிறிதாக்கி, மூடிபோட்டு, இரவு தூக்கத்திலும் மூச்சு சரியாக இருக்கிறதா என்று கவனித்துத்தான் கழற்றுவார்கள். துளை பெரும்பாலும் தானாக மூடும், சிலருக்குத் தைக்க வேண்டிவரும். மழைக்கால ஆரம்பத்தில், வீட்டில் எல்லோருக்கும் சளி இருக்கும் வாரத்தில் கழற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

வெளியே ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும், உள்ளே தழும்பு பல மாதம், ஒரு வருடம்வரைகூட, தன்னை மாற்றிக்கொண்டே இருக்கும். முதலில் வந்த மெல்லிய கொலாஜன் போய் உறுதியானது வரும், சில இடங்கள் இறுகும். அதனால் குழந்தை ஓடி விளையாடுகிறதென்றாலும் ரிவியூ தேதிகளை விடாதீர்கள். குரல் கரகரப்பாக இருக்கலாம், அதற்குத் தனிப் பயிற்சி உண்டு.

ஆபரேஷன் நோட்டின் நகலை லேமினேட் செய்து பத்திரமாக வையுங்கள். பல வருடம் கழித்து அப்பெண்டிக்ஸுக்கோ பிரசவத்துக்கோ எங்காவது மயக்கம் கொடுப்பதாக இருந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் முதல் பேச்சாக இதைச் சொல்ல வேண்டும்: "எனக்கு மூச்சுக்குழாயில் குருத்தெலும்பு வைத்துத் தைத்திருக்கிறார்கள்." வயதுக்கு வழக்கமானதைவிடச் சிறிய குழாயை அவர் எடுத்து வைத்துக்கொள்வார்.